கனம்

ஹூசுமில் எனக்குக் கொடுத்த முதல் வேலை
ஒரு வருடக் காற்றைக் கூட்டிப் பார்ப்பது.
ஐம்பத்திரண்டாயிரத்து ஐந்நூற்று அறுபது வரிசை,
பத்து நிமிடத்துக்கு ஒன்று.
எண்பது மீட்டர்க் கம்பத்தின் உச்சியில்
மூன்று கிண்ணங்கள் சுற்றிச் சுற்றி எழுதியவை.

பதினாறு வருடம் பாலங்களோடு இருந்தவள் நான்.
அங்கே காற்று ஒரு வழக்கு:
எவ்வளவு தள்ளும், தாங்குமா.
தாங்கிவிட்டால் அதன் பேச்சே வராது.
இங்கே காப்பிக்கு முன்னால்
அதைத்தான் விசாரிக்கிறார்கள்,
மாடு இன்றைக்கு எத்தனை படி கறந்தது
என்பதுபோல.

சராசரி எடுத்தேன். நொடிக்கு ஆறு மீட்டர்.
காற்றின் திறன் வேகத்தின் கனத்தோடு ஏறும்;
ஆறின் கனம் இருநூற்றுப் பதினாறு.
அடிக்கோடிட்டு அனுப்பினேன்.

வீப்கே
(என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவள்,
மேசைக்கடியில் எப்போதும் ஓர் ஈர நாய்)
திருப்பி அனுப்பியது ஒரே ஒரு கேள்விக்குறி.

அதை எடுத்துக்கொண்டு
துறைமுகச் சுவரில் போய் உட்கார்ந்தேன்.
கடல் வெளியே போயிருந்தது.
படகுகள் சேற்றில் ஒருக்களித்துக் கிடந்தன.
மீன் ரொட்டி சுற்றிவந்த காகிதத்தில் எழுதினேன்:
ஒரு நாள் நான்கு, மறுநாள் எட்டு.
சராசரி ஆறுதான்.
நான்கின் கனம் அறுபத்து நான்கு,
எட்டின் கனம் ஐந்நூற்றுப் பன்னிரண்டு,
கூட்டிப் பாதியாக்கினால்
இருநூற்று எண்பத்தெட்டு.

எண்ணெய்க் கறைக்குப் பக்கத்தில்
அந்த எழுபத்திரண்டு
என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

சராசரியின் கனம் வேறு,
கனங்களின் சராசரி வேறு.
தமிழில் கனம் என்றால் எடையும்தான்;
வீப்கேயிடம் இதை விளக்கப் போய்
பாதியில் விட்டுவிட்டேன்.

வரிசை வரிசையாகக் கனமாக்கினேன்.
நானூற்றுப் பன்னிரண்டு.
ஏறக்குறைய இரட்டிப்பு.
மூன்றும் ஒன்றரையுமாக நகர்ந்த ஒரு ஆகஸ்ட் முழுக்கக்
கொடுக்காததை
நவம்பரில் இரண்டு இரவுகள் கொட்டியிருந்தன.

அதற்காக ஆசைப்பட்டுவிட முடியாது.
இருபத்தைந்தைத் தாண்டினால்
இறக்கைகள் விளிம்பைக் காட்டி நின்றுகொள்ளும்.
மற்ற நாளிலும் காற்றை முழுதாகப் பிடுங்க வழியில்லை.
பிடுங்கினால் அது அங்கேயே நின்றுவிடும்;
பின்னால் வருவது எங்கே போகும்?
இருபத்தேழில் பதினாறு பங்கு, மிஞ்சிப்போனால்.
மீதிப் பதினொன்று அதன் வழிச்செலவு.

திசைப் படம் ஒரு கோணல் பூ.
நீண்ட இதழ் மேற்கே.
சங்கப் பாட்டில் அந்தக் காற்றுக்குப் பெயர் கோடை.
இங்கே ஜூலையிலும் அது
ஸ்வெட்டர் கேட்கிறது.

ஜனவரியில் பதினொரு மணி நேரம் பூஜ்யம்.
காற்றில்லாத ராத்திரி என்று விட்டுவைத்திருந்தேன்.
பூஜ்யத்தின் கனம் பூஜ்யம், யாருக்கு நஷ்டம்.
பிறகுதான் பக்கத்துப் பத்தி கண்ணில் பட்டது:
வெப்பம், கழித்தல் இரண்டு.
திசை, இருநூற்று அறுபத்தொன்று,
பதினொரு மணி நேரமும் ஒரு பாகை பிசகாமல்.
காற்று ஓய்ந்தால் திசைகாட்டி
தூக்கக் கலக்கத்தில் கொஞ்சமாவது புரளும்.
இது பனி பிடித்த கம்பம்.
மேலே காற்று
வீசிக்கொண்டேதான் இருந்திருக்கிறது,
எழுத ஆளில்லாமல்.

அறுபத்தாறு வரிசைகளையும் சிவப்பாக்கி அனுப்பினேன்.
இந்தத் தடவை கேள்விக்குறி வரவில்லை.
நாய் எழுந்து வந்து
என் காலணியை மோந்துவிட்டுப் போனது.

இரவு தங்கை கோமு கூப்பிட்டாள்.
எப்படி இருக்கே?
பரவாயில்லை, என்றேன்.
பதினான்கு மாதமாக இதே பதில்,
இதே குரல்.

ஜன்னலுக்கு வெளியே கொடிக்கயிறு
கம்பத்தில் தட்டிக்கொண்டிருந்தது.

இல்ல கோமு, என்றேன்,
செவ்வாய்க்கிழமை ரொம்ப மோசம்.
புதன் ஒண்ணுமில்ல.
வெள்ளிக்கிழமை மத்தியானம், ஒரு பத்து நிமிஷம்,
துறைமுகச் சுவர்ல...

சொல்லு, என்றாள்.